படிக்காமல் வந்தவர்களையும் உட்கார வையுங்கள்

கேள்வி: மாதம் ஒருமுறை தமிழ் வாசகர் வட்டம் நடத்துகிறோம். பதினான்கு பேருடன் ஆரம்பித்தது, எட்டாவது மாதத்தில் நான்கு பேர். வருகிறவர்களும் புத்தகத்தைப் படிக்காமல் வருகிறார்கள். நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி, துபாய்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. ஷார்ஜாவில் ஆறு வருடம் இப்படி ஒரு வட்டம் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். தினமும் ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் நடுவே நெரிசலில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம் மாதம் நானூறு பக்கம் கேட்பது நியாயமில்லை. படிக்காமல் எப்படிப் போய் முகத்தைக் காட்டுவது என்ற கூச்சத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். முதல் வருடம் நாங்களும் அந்தத் தப்பைத்தான் செய்தோம். அப்புறம் நாவலை விட்டுவிட்டுச் சிறுகதைக்கு வந்தோம், அதையும் வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லவில்லை, கூட்டத்திலேயே ஆளுக்கு இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்தோம்.

ஒருமுறை புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை எடுத்தோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிற பெண்ணின் கதை, கொஞ்சம் நீளம், இரண்டு மாதம் ஓடியது. கட்டட வேலையில் இருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் அதுவரை கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அவர் முறை. வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தார். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்தவர், ஊரைவிட்டுக் கிளம்புகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பக்கத்திலிருந்த, இலங்கை மலையகத்து ஹட்டன் ஊர் அக்கா, "எங்க பாட்டி பிறந்தது லயத்துலதான்" என்று ஆரம்பித்து, தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்ததைச் சொன்னார். லயம் என்ற சொல்லையே எங்களில் பாதிப் பேர் அன்றுதான் கேட்டோம். லீவு கிடைத்தவரை அந்தத் தம்பி அதற்கப்புறம் ஒரு கூட்டத்தையும் விடவில்லை.

லீவு என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, ஆனால் தனியார் வேலையில் சட்டப்படி வாரத்துக்கு ஒரு நாள்தான் கட்டாயம். சனிக்கிழமை மாலை என்று நீங்கள் வைத்தால் அது அலுவலகக்காரர்களுக்கு மட்டும்தான் வசதி. யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று முதலில் கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள். இன்னொன்று, 'வட்டத்துக்கு நன்கொடை' என்று பணம் மட்டும் திரட்டாதீர்கள், அனுமதியில்லாமல் நன்கொடை சேர்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். டீயும் சுண்டலும் முறை வைத்து ஆளுக்கொரு மாதம் கொண்டுவந்தால் போதும்.

கேள்வி: எல்லாருக்கும் ஒரே புத்தகம் கிடைப்பதில்லையே, என்ன செய்வது? – ஒரு வாசகர், அபுதாபி

பதில்: சிறுகதைக்கு வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. 1998 பொங்கலில் ஆரம்பித்த மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழைய எழுத்தாளர்களின் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன, 'துன்பக்கேணி'யை நாங்கள் அங்கிருந்துதான் பிரிண்ட் எடுத்தோம். ஈழத்து எழுத்து வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய நூலகம் தளம் ஒரு கடல். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுங்கள், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவர் ஒருவராவது இருப்பார். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்கள் நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போகலாம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில் யாராவது ஊருக்குப் போனால் அவர் பெட்டியில் இரண்டு கிலோ இடம் கேட்டு வைக்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. கூட்டிக்கொண்டு போகலாமா? – ஒரு வாசகி, ஷார்ஜா

பதில்: தாராளமாக. கதை கேட்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. ஆனால் 'துன்பக்கேணி' மாதிரிக் கதைகள் அந்த வயதுக்கு ஆகாது. முதல் அரைமணி நேரத்தை நாட்டுப்புறக் கதைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் பிள்ளைகள் அடுத்த அறையில் விளையாடட்டும். "என்ன புரிஞ்சது, சொல்லு" என்று எல்லார் முன்னாலும் மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அவளாகவே ஏதாவது கேட்பாள்.