சும்மா கிடக்கும் அரச காணியில் எங்களுக்கு வீடு கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் தோட்டத்துக்கு அருகே அரச திணைக்களமொன்றின் பழைய களஞ்சியக் காணி ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. 120 குடும்பங்களுக்கு அங்கே தொடர்மாடி கட்ட முடியாதா? – வாசகி, தெமட்டகொட

பதில்: இடம் போதும். வீட்டுக்கு 500 சதுர அடி என்றால் 60,000. நடைபாதை, படிக்கட்டு, லிஃப்டுக்கு இன்னும் 30 சதவீதம் சேர்த்தால் 78,000. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. மூன்றிலொரு பங்கில் மட்டும் கட்டினாலும் ஆறு மாடியில் அடங்கிவிடும்.

சிக்கல் காணியில்தான். சும்மா கிடப்பதால் மட்டும் அது மேலதிகக் காணி ஆகிவிடாது. திணைக்களம் எழுத்தில் விடுவிக்க வேண்டும். முதலில் நில அளவைப் படத்தைப் பாருங்கள். கால்வாய் ஒதுக்கோ ரயில் ஒதுக்கோ (கரையோரம், பாதையோரம் கட்டாமல் விட வேண்டிய நிலம்) உள்ளே விழுந்தால் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்தது மண் பரிசோதனை. கொழும்பின் தாழ்நிலங்களில் கரிச்சேறு (மக்கிய தாவரம் கலந்த மென்சேறு) பல இடங்களில் ஆழமாக இருக்கும். அங்கே பைல் (ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) அடிக்காமல் ஆறு மாடி எழுப்புவது கடினம், செலவு அடித்தளத்திலேயே ஏறிவிடும்.

வரைபடம் காட்டும்போதே கேளுங்கள்: வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் உண்டா? கழிவுக் குழாயைத் திறந்து சுத்தம் செய்ய மாடிதோறும் மூடி உண்டா? அது இல்லாவிட்டால், குழாய் அடைக்கும்போது மேல்வீட்டுக் கழிவு கீழ்வீட்டுக் குசினியில் பொங்கும். லிஃப்ட் பராமரிப்புப் பணம் யார் கையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தொடர்மாடித் திட்டப்படம் (ஒவ்வொரு வீட்டையும் தனிச் சொத்தாகக் காட்டும் படம்) பதிவாகாமல் தனித்தனி உறுதிப்பத்திரம் கிடைக்காது. அதற்குமுன் பழைய வீட்டுச் சாவியைக் கொடுப்பதென்றால், உறுதி தரும் திகதியை ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள்.