கேளுங்க சொல்றோம்: சோவியத் மெடல் ஒரிஜினலா?

கேள்வி: சார், குன்னூர்ல பழைய சாமான் கடைல ஒரு 'ரெட் ஸ்டார்' வாங்கினேன், நடுவுல துப்பாக்கியோட ஒரு சிப்பாய். ரொம்ப அபூர்வம்னு கடைக்காரர் சத்தியம் பண்றாரு. நம்பலாமா? (வாசகர், வெலிங்டன்)

பதில்: அபூர்வம்லாம் இல்லீங்க, 1930ல ஆரம்பிச்ச விருது, 38 லட்சத்துக்கு மேல கொடுத்திருக்காங்க, அதனால ஒரிஜினலாங்கறதுதான் மேட்டர். முதல்ல பின்பக்கம் திருப்புங்க. அசல்ல குண்டூசி கிடையாது, நடுவுல ஒரு திருகு, அதுல வட்டமா ஒரு நட்டு, சட்டைல ஓட்டை போட்டுத்தான் மாட்டணும். கூடவே ரஷ்ய எழுத்துல நாணயச்சாலை பேரும் தனி நம்பரும் இருக்கும். நம்பர் ஐம்பது லட்சம், அறுபது லட்சம்னு போகுதுன்னா பேசாம திருப்பிக் கொடுத்துடுங்க. உடம்பு வெள்ளி, நட்சத்திரத்தோட அஞ்சு முனைலயும் கருஞ்சிவப்பு எனாமல், வெளிச்சத்துல பிடிச்சா கண்ணாடி மாதிரி உள்ளிருந்து மின்னணும், பெயின்ட் அடிச்ச மாதிரி மொக்கையா இருந்தா டூப்புதான். நிஜமாவே அபூர்வம்னா 'வெற்றி விருது', மொத்தமே 20 தடவைதான் கொடுத்தாங்க, அதுல சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்குக் கொடுத்ததை 1989ல ரத்தும் பண்ணிட்டாங்க, அதெல்லாம் நம்ம மார்க்கெட் ரோட்டுக்கு வராது!

இன்னொண்ணு, ரஷ்யாவுல அரசு விருதுகளை விக்கிறது குற்றம், அங்க டூர் போறப்போ ஆசைப்பட்டு பேரம் பேசிடாதீங்க. நம்ம ஊர் மூடுபனிக்கு வெள்ளி சீக்கிரம் கறுக்கும், அதுக்காக பாலீஷ் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தான் காசு. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, மழைக்காலத்துல பாக்கெட்டை மட்டும் அடிக்கடி மாத்துங்க.