வாசகர் கேள்வி – பதில்: கெய்ரோவின் பெரிய நூதனசாலை

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் வயதான தாயாருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் கெய்ரோ செல்கிறோம். கீசாவிலுள்ள புதிய மாபெரும் எகிப்திய நூதனசாலைக்கு ஒரு நாளைத்தான் ஒதுக்க முடியும். எதைப் பார்ப்பது, எதை விடுவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நுழைவுச்சீட்டை இணையத்தில் முற்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். வரலாற்றுக்கு முந்திய காலம் முதல் உரோமர் ஆட்சி வரையான 12 பிரதான கூடங்களையும் வரிசையாகச் சுற்றத் தொடங்கினால், பண்டைய எகிப்தின் இளம் அரசன் துட்டங்காமுனின் கூடங்களை அடைவதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள்; ஆகவே காலையில் முதலில் அங்கேயே செல்லுங்கள். 1922 இல் தொல்லியலாளர் ஹாவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அவனது கல்லறையில் கிடைத்த 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இப்போதுதான் முதன்முறையாக ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

பத்துக் கிலோவுக்கும் கூடுதலான எடைகொண்ட பொன் முகமூடியைப் பார்க்காமல் எவரும் திரும்பப் போவதில்லை. ஆனால், பதின்ம வயது முடியுமுன்னரே இறந்துபோன அந்த அரசன் பயன்படுத்திய பொருட்களுக்கு அதைவிடக் கூடுதலான நேரத்தைக் கொடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நடக்குந்தோறும் பகைவரை மிதிப்பதாக அமையும்படி, கட்டுண்ட கைதிகளின் உருவங்களைத் தீட்டிய மிதியடிகள், விண்கல் இரும்பில் செய்த குத்துவாள், நூற்றுக்கும் மேற்பட்ட கைத்தடிகள், காய் நகர்த்தி ஆடும் பலகைகள் என அனைத்தும் மறுமையிலும் அவனுக்குத் தேவைப்படும் என்ற நம்பிக்கையோடு வைக்கப்பட்டவை. நமது தீவிலும், புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பில், இறந்தோரைத் தாழிகளில் அடக்கம் செய்து மட்பாண்டங்களையும் உடன் வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அரசர்கள் மட்டுமல்லாமல் எளிய மக்களும் இறந்தவரை வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லாதிருந்தார்கள் என்பது அவர்களுக்கு விளங்கும்.

அடுத்து, பெரிய பிரமிட்டைக் கட்டுவித்த கூபு மன்னனின் படகு. 1954 இல் பெரிய பிரமிட்டின் அருகே குழியொன்றில் 1,200க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்த தேவதாரு மரங்களைப் பல ஆண்டுகள் உழைத்துப் பொருத்தி, கயிற்றால் பிணைத்து, ஏறத்தாழ 43 மீற்றர் நீளமான படகாக மீட்டிருக்கிறார்கள். இதற்கெனத் தனிக் கட்டடம் உண்டு; இதைத் தவறவிடுவதை நான் ஒப்பமாட்டேன்.

நுழைவு மண்டபத்தில் நிற்கும் எகிப்திய மன்னன் இரண்டாம் இராமசேசின் 11 மீற்றர் சிலையை எப்படியும் கடந்துதான் செல்வீர்கள். பெரும் படிக்கட்டின் அருகில் நகரும் பாதை இருப்பதால், தாயாரும் சிரமமின்றி மேலே சென்று, கண்ணாடிச் சுவர் வழியே பிரமிட்டுகளைப் பார்க்கலாம். எஞ்சிய கூடங்களில் நேரம் இடங்கொடுப்பதைப் பாருங்கள்.

கேள்வி: அரசர்களின் மம்மிகளும் அங்குதான் உள்ளனவா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: இல்லை. 18 அரசர்கள், 4 அரசிகள் என 22 பேரின் உடல்கள், 2021 ஏப்ரலில் தஹ்ரீர் சதுக்கத்து நூதனசாலையிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டு, கெய்ரோவின் பழைய பகுதியான புஸ்தாத்திலுள்ள எகிப்திய நாகரிகத் தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் இராமசேசும் அரசி ஹட்செப்சுட்டும் அங்கேதான் இருக்கிறார்கள். துட்டங்காமுனின் உடலோ தெற்கு எகிப்திலுள்ள லுக்சர் நகரில், அரசர் பள்ளத்தாக்கிலுள்ள அவனது கல்லறையிலேயே இருப்பதால், அதைக் காண விரும்புவோர் லுக்சர் வரை செல்ல வேண்டும்.