90-ஆ, 140-ஆ? பாரிஸில் ஒரே ஒரு ஸ்கார்ஃப் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: டொரோண்டோவில் வசிக்கிறேன், வயது 46, வங்கி வேலை. டிசம்பரில் சென்னைக்குப் போகும் வழியில் பாரிஸில் இரண்டு நாள் தங்குகிறோம். வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல டிசைனர் ஸ்கார்ஃப் வாங்கிக்கொள்ள ஆசை. இணையத்தில் பார்த்தால் 45, 70, 90, 140 என்று அளவுகள். சதுரம், நீளம், முக்கோணம் என்று வடிவங்கள். பட்டு, காஷ்மியர் (வெள்ளாட்டின் மென்முடி), இரண்டும் கலந்தது என்று துணிகள். ஆபீஸுக்கும் போட வேண்டும், குளிருக்கும் உதவ வேண்டும், சேலைக்கும் பொருந்தினால் நல்லது. என் உயரம் 5 அடி 1 அங்குலம், கழுத்து கொஞ்சம் குட்டை. ரிப்பன் மாதிரி இருக்கும் சின்ன ட்வில்லி போதாதா என்கிறார் கணவர். எதை வாங்குவது?

பதில்: பட்டு ட்வில் (சாய்கோடு நெசவு) துணியில் 90 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வாங்குங்கள். குளிருக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். நீங்கள் கேட்டிருக்கும் மூன்று வேலைகளையும் ஒரே துணியின் தலையில் கட்டினால் மூன்றையுமே அது அரைகுறையாகத்தான் செய்யும்.

முதலில் அளவு. கடையில் சதுரத்தின் பக்க அளவைத்தான் சொல்வார்கள். ஆனால் மூலைக்கு மூலை மடித்துக் கட்டும்போது உங்கள் கைக்குக் கிடைப்பது மூலைவிட்டத்தின் நீளம். 45 செ.மீ. சதுரத்துக்கு அது சுமார் 64 செ.மீ., 70-க்கு 99, 90-க்கு 127, 140-க்கு 198. இப்போது ஒரு டேப்பை எடுத்து உங்கள் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். 33 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முடிச்சு ஒரு 12 செ.மீ. தின்றுவிடும். ஆக, 45 சதுரத்தில் முடிச்சுக்குப் பிறகு பக்கத்துக்கு ஒரு சாண்கூடத் தொங்காது. விமானப் பணிப்பெண்கள் கட்டுகிற மாதிரி கழுத்தோடு ஒட்டிய சின்ன முடிச்சு, அவ்வளவுதான். 70-இல் பக்கத்துக்கு 27 செ.மீ. கிடைக்கும். 90-இல் 40 செ.மீ. தொங்கும்; வேண்டுமானால் கழுத்தை இரண்டு முறை சுற்றி முன்னால் முடிச்சும் போட்டுக்கொள்ளலாம். தலையில் போட்டு மோவாய்க்குக் கீழே கட்டுவது என்றால் 90-தான் வசதி. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் குதிரைகளோடு இருக்கும் படங்களில் கட்டியிருப்பாரே, அந்தக் கட்டு. 70-இல் அதைச் செய்தால் முடிச்சு மோவாயை இழுத்துப் பிடிக்கும்.

சதுரத்துக்கு இன்னொரு நன்மை உண்டு, விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை. நெய்த துணியைப் பாவு வாக்கில் இழுத்தால் வராது, ஊடை வாக்கில் இழுத்தாலும் வராது. மூலை வாக்கில் இழுத்தால் நெகிழும். தையல்காரர்கள் கிராஸ் என்பார்களே, அந்தத் திசை. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்துப் பட்டையாக்கினால் கழுத்தைச் சுற்றி வருவது முழுக்கக் கிராஸ் துணி. அதனால் அது கழுத்தின் வளைவுக்கு இணங்கி உட்காரும், முடிச்சும் மெத்தென்று விழும். நீள ஸ்கார்ஃப் நூல் வாக்கில் ஓடுவதால் அப்படி இணங்காது. அதைச் சுற்றித் தொங்க விடலாம். அழகாகக் கட்டுவது கஷ்டம்.

கழுத்து குட்டை என்றீர்கள். அப்படியானால் இரண்டு சுற்று வேண்டாம். நான்கைந்து செ.மீ. அகலத்தில் ஒல்லியாக மடித்து, முடிச்சைக் கழுத்துக்குழிக்குக் கீழே தள்ளி வையுங்கள். சட்டையின் மேல் பட்டன் ஒன்றைத் திறந்து விட்டால் கண் தானாகக் கீழே இறங்கும். இதற்கு 70-கூடப் போதுமே என்று தோன்றலாம், உண்மைதான். ஆனால் 70-ஐக் கழுத்தில் மட்டும்தான் கட்ட முடியும். 90 தோளில் போடவும் தலையில் கட்டவும் இடுப்பில் சுற்றவும் உதவும். ஒன்றே ஒன்று வாங்குகிறவர் பெரியதை வாங்கிச் சின்னதாக மடிக்கலாம். சின்னதை வாங்கிப் பெரியதாக்க வழியில்லை.

கணவருக்குப் பதில்: ட்வில்லி 5 செ.மீ. அகலமும் 86 செ.மீ. நீளமும் உள்ள பட்டை. கைப்பையின் பிடியில் சுற்றினால் உள்ளங்கை எண்ணெய் பையின் தோலில் படாமல் காக்கும். முடியில் கட்டலாம், மணிக்கட்டில் சுற்றலாம். நல்ல பொருள், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது இதுவல்ல. முக்கோண வடிவமும் அப்படித்தான். கட்டுவது சுலபம், ஆனால் ஒரே மாதிரிதான் கட்ட முடியும்.

அடுத்தது துணி. காஞ்சிபுரம் பட்டைத் தொட்டுப் பழகிய கைக்கு, பிரெஞ்சு பிராண்டான ஹெர்மெஸின் சதுரம் முதல் தடவை ஏமாற்றமாகக்கூட இருக்கும். 90 சதுரம் முழுவதும் சேர்த்தே சுமார் 65 கிராம்தான். இவ்வளவு விலைக்கு இவ்வளவு லேசா என்று நம் அம்மாக்கள் கேட்பார்கள். கழுத்தில் கட்டும் பட்டுக்கு அந்த எடைதான் கணக்கு. பட்டின் கனத்தை மொம்மே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மொம்மே என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 4.3 கிராம். அந்த 65 கிராம் துணி 18 மொம்மேயைத் தாண்டும். வேறு எந்த பிராண்டை வாங்கினாலும் ட்வில் என்றால் 16, 18 மொம்மே இருக்கிறதா என்று கேளுங்கள். 12-க்கு இறங்கினால் முடிச்சு சுருங்கிக் கயிறு மாதிரி ஆகிவிடும்.

ட்வில்லை அடையாளம் காண்பது சுலபம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய சாய்கோடுகள் நெருக்கமாக ஓடுவது தெரியும். அந்த வரிகள்தான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முடிச்சை நிறுத்துகின்றன. சாட்டின் பட்டு பளபளப்பில் ட்வில்லைத் தோற்கடிக்கும், ஆனால் மதியத்துக்குள் முடிச்சு நழுவி இறங்கிவிடும். ஷிஃபான் காற்றில் அலையும்; அலெக்சாண்டர் மெக்குவீனின் மண்டை ஓட்டு ஸ்கார்ஃப் பிரபலமானது அந்தத் துணியில்தான். தாலிச் சங்கிலியும் ஜிமிக்கியும் போடுகிற நமக்கு ஷிஃபானை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு கொக்கி பட்டால் போதும், நூல் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நெசவிலேயே டிசைன் வரும் ஜக்கார்ட் ஷால்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. லூயி வித்தோன் மோனோகிராம் ஷால் அந்த வகை: 142 செ.மீ. சதுரம், 60 சதவீதம் பட்டு, 40 சதவீதம் கம்பளி. தொட்டால் விடவே மனம் வராது. மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

சரி, 140 காஷ்மியர்-பட்டு ஏன் வேண்டாம்? ஹெர்மெஸில் அது 70 சதவீதம் காஷ்மியர், 30 சதவீதம் பட்டு. அருமையான துணி, மறுக்கவில்லை. விலை 90 பட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணத்தின் முனை 99 செ.மீ. இறங்கும், ஐந்தடி உயரத்தில் அது உங்களைப் பாதி மூடிவிடும். கழுத்தில் சுற்றினால் குட்டைக் கழுத்து காணாமலே போகும். இன்னொன்றையும் யோசியுங்கள். டொரோண்டோவில் மைனஸ் 15 குளிரிலும் நீங்கள் வெளியே நிற்பது ரயில் வரும் வரை, கார் சூடாகும் வரை. மற்ற எட்டு மணி நேரமும் ஹீட்டர் ஓடும் ஆபீஸில். அங்கே 140 ஷால் நாற்காலியின் முதுகில்தான் தொங்கும்.

டிசைனர் ஸ்கார்ஃபுக்குக் கொடுக்கும் பணம் அச்சுக்கும் நிறத்துக்கும் ஓரத்தையலுக்கும் போகிறது. கதகதப்புக்கு பிராண்ட் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் எல்ஜின் ஊரில் ஜான்ஸ்டன்ஸ் ஆலை 1797-லிருந்து இயங்குகிறது. அது போன்ற ஆலைகள் தங்கள் பெயரிலேயே விற்கும் ஒற்றை நிறக் காஷ்மியர் ஸ்கார்ஃப், பெரிய பிராண்ட் பெயர் தாங்கியதைவிட விலை குறைவு, கதகதப்பில் குறைவில்லை. பர்பரியின் கட்டம் போட்ட ஸ்கார்ஃபும் ஸ்காட்லாந்தில் நெய்வதுதான், 168-க்கு 30 செ.மீ. அந்தக் கட்டம் பிடித்திருந்தால் வாங்குங்கள். சூடாக இருக்கும் என்பதற்காக மட்டும் வேண்டாம். உங்கள் உயரத்துக்கு நீள ஸ்கார்ஃப் 180 செ.மீ.க்கு மேல் போகவும் வேண்டாம். காஷ்மியர் எதுவானாலும் ஜிப்பும் வெல்க்ரோவும் உரசும் இடத்தில் உருண்டை கட்டும். அது போலி என்பதற்கு அடையாளமில்லை, குட்டை இழைகளின் குணம். சீப்பு மாதிரி ஒன்று விற்கிறார்கள், மெதுவாக வாரிவிட்டால் போகும்.

இனி அச்சு. ஹெர்மெஸின் முதல் பட்டுச் சதுரம் 1937-இல் வந்தது, நிறுவன உரிமையாளரின் மருமகன் ரோபேர் த்யூமாவின் முயற்சியில். குதிரை பூட்டிய ஆம்னிபஸ் வண்டிகள் அதன் டிசைன். இன்றைக்கும் லியோன் பகுதியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடுகிறார்கள். முப்பது நிறம் என்றால் முப்பது ஸ்கிரீன், ஒன்றுகூட விலகக் கூடாது. இத்தாலிய பிராண்டான குச்சியின் (Gucci) ஃப்ளோரா என்ற பூ டிசைன் 1966-இல் ஓவியர் வித்தோரியோ அக்கோர்னெரோ வரைந்தது, மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லிக்காக. பூப்போட்டதுதான் பிடிக்கும் என்றால் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆனால் கடையில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. மேஜை மேல் முழுசாக விரித்துக் காட்டுவார்கள். நடுவில் இருக்கும் குதிரையையோ ரதத்தையோ பார்த்து மயங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து மடித்துக் கட்டினால் குதிரை மடிப்புக்குள் போய்விடும். வெளியே தெரிவது நான்கு பக்க பார்டரும் இரண்டு மூலைகளும் மட்டுமே. முகத்துக்கு அருகில் வரப்போவது அந்த பார்டரின் நிறம்தான். சேலைக்கு முந்தானையைப் பார்த்து வாங்குவது போல இதற்கு மூலையைப் பார்த்து வாங்க வேண்டும். விற்பவரிடம் மடித்துக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை, பாரிஸில் ஸ்கார்ஃப் கவுன்டரில் நிற்பவர்களுக்கு அதுதான் வேலை. உங்கள் குளிர்காலக் கோட்டையே போட்டுக்கொண்டு போனால் காலர் நிறத்தோடு சேர்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த ஓரம் உருண்டையாக, மெல்லிய தண்டு போல் நிற்கும். தையல்கள் அங்கங்கே, ஒரே சீராக இல்லாமல் இருக்கும். ஹெர்மெஸில் அந்தச் சுருள் துணியின் முகப்புப் பக்கமாக வரும், நூலும் ஓரத்தின் நிறத்திலேயே இருக்கும். மெஷின் ஓரம் தட்டையாக, நேர்கோடாக இருக்கும். சுருட்டிய ஓரம் வெறும் பகட்டில்லை. மடிக்கும்போது விளிம்புக்கு ஒரு எடை கொடுத்துத் துணியை வடிவாக விழ வைப்பதே அதுதான். டிரை கிளீனிங் கொடுக்கும்போது ஓரத்தின் மேல் இஸ்திரி ஓடக் கூடாது என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஒரு முறை நசுங்கினால் பழைய உருண்டை முழுசாகத் திரும்பாது. அப்புறம், சென்ட் அடித்தால் காய்ந்த பிறகு கட்டுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த அன்றைக்குப் பட்டை எடுக்காதீர்கள்.

சேலை விஷயம். ஜரிகை பார்டரும் புட்டாவும் உள்ள பட்டுச் சேலையின் மேல் முப்பது நிற அச்சு ஸ்கார்ஃப் போட்டால் இரண்டும் சண்டை போடும். உங்களுக்குத் தேவை ஏசி மண்டபத்தில் தோளுக்கு ஒரு போர்வை. அதற்கு ஒற்றை நிறப் பஷ்மினா ஸ்டோல், 70-க்கு 200 செ.மீ., இந்தியாவிலேயே வாங்கலாம். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-இலிருந்து புவிசார் குறியீடு உண்டு. அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள், மெல்லிய விஸ்கோஸும் (செயற்கைப் பட்டு) நுழையும். ஓரத்தில் ஒரு நூலை எடுத்து எரித்தால், கம்பளி என்றால் முடி கருகும் வாசனையோடு பொடியாகும், விஸ்கோஸ் காகிதம் போல எரியும். யாராவது ஷாதூஷ் என்று ரகசியக் குரலில் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். திபெத்திய சிரு மானைக் கொன்று எடுக்கும் முடி அது. வாங்குவது, விற்பது, நாடு விட்டு நாடு கொண்டுபோவது எல்லாமே குற்றம்.

கடைசியாக வரி. நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்பதால், பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வாட் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாட் 20 சதவீதம் என்றாலும், கமிஷன் போக விலையில் சுமார் 12 சதவீதம் கைக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு போய்க் கடையிலேயே படிவம் போடச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பாப்லோ (PABLO) என்ற இயந்திரத்தில் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது, சரக்கைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். கனடா திரும்பும்போது, 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 800 கனடா டாலர் வரை வரி விலக்கு உண்டு. சென்னையில் வாங்குவதும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பதால் எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.