தாதியிடம் கேளுங்கள்

(மலையக வைத்தியசாலைகளில் நீண்ட காலம் ஐ.சி.யூ (தீவிர சிகிச்சைப் பிரிவு) தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

என் மாமியாருக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும். இரண்டு நாள் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து கொடுத்தோம். மூன்றாம் நாள் ஐ.சி.யூவில் சேர்த்தார்கள், ஐந்தாம் நாள் போய்விட்டார். அதே வாரம் அங்கே இன்னும் மூவர் இறந்தார்கள். "அது உருப்படாத ஐ.சி.யூ" என்று எங்கள் லயமே (தோட்டக் குடியிருப்பே) பேசுகிறது. உண்மையா?
– வாசகி, பொகவந்தலாவை

நாலு சாவை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது, தங்கச்சி. வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அப்பாச்சி 2' என்ற புள்ளி முறை. முதல் 24 மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம், நாடி, மூச்சு, உப்புச்சத்து என்று 12 அளவுகளில் மிக மோசமானதை எடுத்து, வயதையும் பழைய நோய்களையும் கூட்டினால் 0 முதல் 71 வரை ஒரு எண் வரும். அதை வைத்து, இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணிப்பார்கள். பேச்சுக்கு, முப்பது பேர் என்று கணித்து முப்பது பேரே இறந்தால், கணித்த சாவுக்கு நடந்த சாவின் விகிதம் 1. இருபது பேர் என்று கணித்து முப்பது பேர் இறந்தால் 1.5, அப்போதுதான் கேள்வி கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சிக்கல் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் இரத்தத்தில் ஒட்சிசன் போன்ற வாயுக்களின் அளவைப் பார்க்கும் இயந்திரத்துக்குப் பரிசோதனை இரசாயனம் முடிந்து, மூன்று வாரம் புதிது வரவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே தினமும் ஒரு கோடு இழுத்தேன். செய்யாத பரிசோதனையைச் சாதாரணம் என்றுதான் இந்த முறை எடுத்துக்கொள்கிறது. மூச்சுக்குத் தவித்தவர் தாளில் பாதிச் சுகமானவராகிவிடுவார். கணித்த சாவு குறையும், நடந்த சாவு குறையாது. இல்லாமையின் பழி வேலை செய்தவர் தலையில் விழும். இதற்கு மறுபக்கமும் உண்டு: கண்டிக்கு மாற்றி அனுப்பியவர் அங்கே இறந்தால், அனுப்பிய இடத்துப் பதிவேட்டில் அவர் உயிரோடு வெளியேறியவர்.

நான் ஓர் ஐ.சி.யூவை எடைபோட வேண்டுமானால் கட்டிலைத்தான் முதலில் பார்ப்பேன். வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாச இயந்திரத்தில்) இருப்பவரின் தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். கட்டிலில் அளவுகோல் இல்லாததால், மகளின் கணிதப் பெட்டியிலிருந்த பாகைமானியில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு வைத்திருந்தேன். டாக்டர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே "மிஸ்ஸி, அந்த நூல் எங்கே?" என்று கேட்டார்கள். அடுத்தது, கை கழுவுமிடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டுக்கும் டொலர் தேவையில்லை.

அந்த இரண்டு நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் தெரிகிறது. தொற்று இரத்தத்தில் பரவியவருக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்குதான். மாமியாரின் விடயத்தில் அது எவ்வளவு பங்கு என்று கடிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் விழாது, நாட்கூலி போய்விடும் என்று பின்போட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வந்ததில்லை.

வென்டிலேட்டரில் போட்டால் எடுக்கவே முடியாதாமே?
– வாசகர், வட்டவளை

எடுத்தவர்கள் பலர் எனக்கு இன்றும் தீபாவளிப் பலகாரம் அனுப்புகிறார்கள். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர் மருத்துவ மாணவர்களை முறைவைத்து உட்காரவைத்து, கையால் பையை அமுக்கியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுக்க வைத்தார். ஐ.சி.யூ பிறந்தது அப்படித்தான். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு, இறம்பொடை வளைவுகளில் அம்புலன்ஸுக்குள் நானும் அதே பையை அமுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கம்பளை தாண்டும்போது விரல்கள் மடங்காது. மூச்சு தானாக வரும்வரை இயந்திரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. எடுக்க முடியாமல் போவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் நோயால். தினமும் காலையில் மயக்க மருந்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறார்களா? அதைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரத்தத்தின் ஒட்சிசனைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி அம்மாவுக்கு 93 சதவீதம் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, நுவரெலியா

நீங்கள் இருப்பது 1,800 மீற்றருக்கு மேலே. அங்கே காற்றழுத்தமே கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், கொழும்புக்காரரின் 98ஐ எதிர்பார்க்காதீர்கள். குளிர்ந்த விரலும் பொய் சொல்லும். கொழுந்து மலையிலிருந்து வந்த கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஆனால் அம்மா ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.