முகிலுக்கு மேலிருந்து பார்க்கும் ராடார்

கேள்வி: மாரியில் முகில் மூடிக் கிடந்தாலும் ஆளில்லா விமானம் தரையைப் படம் பிடிக்குமாமே, எப்படி?
– வாசகர், சாவகச்சேரி

கமராவால் முடியாது, ‘சார்’ எனப்படும் செயற்கைத் துவார ராடாரால் முடியும். 1951இல் கார்ல் வைலி முன்வைத்த யோசனை இது. ராடார் அனுப்பும் 3 சென்ரிமீற்றர் அலைநீள வானொலி அலை முகிலை ஊடுருவும். அதற்கு இரவும் பகலும் ஒன்றுதான். ஆனால் 1 மீற்றர் அன்ரனாவிலிருந்து கிளம்பும் கற்றை, 5 கிலோமீற்றர் தூரத்தில் 150 மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். வீடு எது, வேலி எது என்று பிரிக்க முடியாது. அதனால் விமானம் பறக்கும் பாதை நெடுகக் கிடைக்கும் எதிரொலிகளைச் சேர்த்து, 150 மீற்றர் நீளமான ஒரே அன்ரனா கேட்டதுபோலக் கணக்கிடுகிறார்கள். பறக்கும் திசையில் அரை மீற்றர் வரை பிரித்தறியலாம். குறுக்குத் திசையில் ராடார் பயன்படுத்தும் அதிர்வெண் வீச்சின் அகலம்தான் தீர்மானிக்கும்: 150 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மீற்றர், 500க்கு 30 சென்ரிமீற்றர்.

சிறிய விமானத்துக்கு எதிரி காற்று. பாதை சில மில்லிமீற்றர் பிசகினாலே படம் கலங்கும். ஜி.பி.எஸ். மட்டும் போதாது, அசைவை அளக்கும் உணரியை அன்ரனாவோடு ஒட்டியே பொருத்த வேண்டும். உடற்பகுதியில் வைத்தால், இடையிலுள்ள சட்டம் வளைவது கணக்கில் வராது. மிச்சப் பிழையை மென்பொருள் திருத்தும். அதற்குப் பளிச்சென்ற புள்ளிகள் வேண்டும். வெறும் வயல்வெளியில் அது தடுமாறும்.

கேள்வி: இந்த ராடாரைத் ‘தானியங்கி’ என்கிறார்களே, எது தானாக நடக்கிறது?
– வாசகர், நல்லூர்

படமாக்கும் கணக்கு. மூலத் தரவு மிகப் பெரிது, வானொலி இணைப்பால் அவ்வளவையும் இறக்க முடியாது. விமானத்திலுள்ள கணினியே படத்தை உருவாக்கி, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் அனுப்பும்.

கேள்வி: கடலில் ஓடும் வள்ளம் சரியான இடத்தில் தெரியுமா?
– வாசகி, பருத்தித்துறை

தெரியாது. விமானம் செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் பறக்க, 5 கிலோமீற்றருக்கு அப்பால் வள்ளம் அதை நோக்கிச் செக்கனுக்கு 2 மீற்றர் நகர்ந்தால், படத்தில் 200 மீற்றர் தள்ளி விழும். வள்ளம் கிழித்த நீர்த்தடம் மட்டும் ஏறக்குறைய உரிய இடத்திலேயே இருக்கும். தடத்துக்கும் வள்ளத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்தே வேகத்தைக் கணிக்கலாம்.

கேள்வி: இத்தகைய படங்களை நாமும் பார்க்கலாமா?
– மாணவர், கொடிகாமம்

விமானப் படங்கள் கிடைப்பது அரிது. 2014 முதல் இயங்கும் ஐரோப்பிய சென்டினல்-1 செய்மதிப் படங்கள் இலவசம். ‘கோப்பர்னிக்கஸ் உலாவி’ என்ற இணையத்தளத்தில் திறக்கலாம். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுங்கள். இரண்டிலும் செய்மதி ஒரே திசையில் கடந்திருக்க வேண்டும், இல்லையேல் பார்வைக் கோணம் மாறி ஒப்பீடு பிழைக்கும். அமைதியான வெள்ளநீர் கறுப்பாகத் தெரியும். காற்றடித்து அலை எழுந்தால் வெளிறும். நெற்பயிர் நிமிர்ந்து நிற்கும் வயலில் தண்ணீர் நின்றாலும் கறுப்பைத் தேடாதீர்கள்: ராடார் அலை நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்புவதால் அவ்விடம் வெளிச்சமாகவே வரும்.