காடிலாக்கில் இருந்த நான்கு பேர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூர் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தீர்கள். என் மகன், அவர் கியூபாவில் உயிரோடு இருக்கிறார் என்கிறான். அது கிடக்கட்டும். லாஸ் வேகஸில் நடுரோட்டில் நடந்த கொலைக்கு ஒருவரைக் கைதுசெய்ய 27 வருஷமா? அவருக்குப் போட்டியாக இருந்த ராப் பாடகர் பிக்கி கொல்லப்பட்ட வழக்கில் இன்றுவரை யாருமே இல்லை. போலீஸே மறைத்துவிட்டதா?

கே., கோவை

அன்புள்ள கே.,

கியூபா விஷயத்தில் உங்கள் மகனோடு நான் மல்லுக்கு நிற்கப்போவதில்லை.

1996 செப்டம்பர் 7. மைக் டைசன் சண்டை முடிந்த கையோடு, எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் லாபியில் டூபாக்கும் அவர் ஆட்களும் ஆர்லாண்டோ ஆண்டர்சன் என்ற இளைஞனை (லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய காம்ப்டன் ஊர்க்காரன்) போட்டு மிதித்தார்கள். ஹோட்டல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அன்று இரவே சிக்னலில் நின்ற, டூபாக் இருந்த காருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை காடிலாக் கார் வந்து நின்றது, அதிலிருந்து சுட்டார்கள். ஆறு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். வயது 25.

ஆக, யார் மேல் சந்தேகம் என்பது அப்போதே தெருவுக்குத் தெரியும். தெரு சொல்வதைக் கோர்ட்டில் நிறுத்த ஒரு சாட்சி வேண்டுமே. பின்னால் வரிசையாக வந்த கார்கள் நிறைய டூபாக்கின் ஆட்கள்தான். யாரும் எதையும் பார்க்கவில்லையாம். டூபாக் இருந்த காரை ஓட்டிய ஷுக் நைட், டெத் ரோ என்ற இசைக் கம்பெனியின் முதலாளி, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்று டிவியிலேயே சொன்னார். சுட்டவனை அடையாளம் காட்ட முடியலாம் என்ற ஒரு பையன் இரண்டே மாதத்தில் நியூ ஜெர்சியில் சுடப்பட்டுச் செத்தான். கடைசிவரை மறுத்துவந்த ஆண்டர்சனும் 1998இல் வேறொரு தகராறில் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். ஆண்டர்சனின் உறவினர் டுவேன் டேவிஸ், கெஃபி டி என்பார்கள், 2008இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசிடம் பேசினார். காடிலாக்கின் முன்சீட்டில் நான் இருந்தேன், துப்பாக்கி பின்சீட்டுக்குப் போனது என்றார். ஆனால் இந்தப் பேச்சை எனக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில். அதனால் போலீசுக்குக் கதை தெரியும், கை கட்டியிருக்கிறது. அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். டிவி பேட்டி கொடுத்தார், 2019இல் புத்தகமும் போட்டார். அதற்கு எந்த ஒப்பந்தமும் பாதுகாப்பு இல்லை. 2023 செப்டம்பரில் கைது. நுணலும் தன் வாயால் கெடும் என்று உடனே எழுதக் கை வருகிறது. ஆனால் குற்றத்தை அவர் மறுக்கிறார், காசுக்காகச் சொன்ன கதை என்கிறது அவர் தரப்பு. காரில் இருந்ததாகச் சொல்லப்படும் மற்ற மூவரும் உயிரோடு இல்லை. விசாரணையோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ராப் பகை என்று நாம் பேசுகிறோமே, அரசுத் தரப்புக்கு அது பெரிதாகத் தேவையே இல்லை. அவர்கள் சொல்வது காம்ப்டனின் இரண்டு தெருக் கும்பல்களின் சண்டை, லாபியில் விழுந்த அடிக்குப் பழி. கிழக்குக் கரை (நியூயார்க்), மேற்குக் கரை (கலிபோர்னியா) ராப் பாடகர்களின் மோதல் என்பது பத்திரிகைகளுக்கு வசதியான தலைப்பு, கேசட்டும் விற்றது.

பிக்கி விஷயத்தில் உங்கள் சந்தேகத்துக்குப் பாதி இடம் உண்டு. 1997 மார்ச் 9, லாஸ் ஏஞ்சலிஸில் கார் மியூசியம் ஒன்றில் நடந்த பார்ட்டி முடிந்து கிளம்பிய சற்று நேரத்தில் சுடப்பட்டார். வயது 24. போலீஸ்காரர்களே சம்பந்தப்பட்டார்களா என்று துருவிய ரஸல் பூல் என்ற துப்பறிவாளர் 1999இல் வேலையை விட்டார். அந்தக் கோணத்தை யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கும் அதில் முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் பிக்கியின் குடும்பம் நகரத்தின் மேல் போட்ட வழக்கில், ஆவணங்களைப் போலீஸ் தரப்பு மறைத்ததாக 2005இல் நீதிபதி கண்டார். விசாரணை பாதியில் நின்றது, 11 லட்சம் டாலர் கட்டச் சொன்னார். மறைத்தது கொலையையா, தங்கள் கோளாறுகளையா என்பது வேறு கேள்வி. அந்த வழக்கும் 2010இல் முடித்துவைக்கப்பட்டது. பிக்கியின் அம்மா வொலெட்டா வாலஸ் 2025 பிப்ரவரியில் காலமானார். அதுவரை ஒருவரையும் கைதுசெய்திருக்கவில்லை.